பாதிச் செலவு

இரண்டும் பெட்டை என்று சொல்லித்தான்
கருங்கல் சந்தையில் விற்றான்.
வெள்ளைக்கு ராணி, சாம்பலுக்குச் சுந்தரி
என்று பேர் வைத்தாள் மகள்.
ஐந்தாம் மாதம்
சுந்தரி தன் நெஞ்சு மயிரைப் பிடுங்கி
செருப்புப் பெட்டியில் மெத்தை போட்டபோது
தெரிந்தது
ராணி யாரென்று.
பேரை மாற்றவில்லை.
எந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும்
வராத ஜென்மம்தானே.

ஏழு குட்டி.
"பிள்ளைகளுக்கு வெளையாட" என்று
நாலை வாங்கிப்போன அச்சகத்து எட்வின்
கிறிஸ்மஸ் கழிந்து வழியில் நிறுத்திச் சொன்னார்:
"நல்ல எளங்கறி, கேட்டியா.
இனியும் குட்டி போட்டா சொல்லணும்."
மகள் என் கையைப் பிடித்தபடி நின்றாள்.
அப்புறம் இரண்டு நாள்
அவளும் முயலைப்போலவே
சத்தமில்லாமல் இருந்தாள்.

என்னிடம்தான் அவை கடைசியாக வந்தன.
அண்டி ஆபீசில் தோடு தல்லும் கை,
எண்ணெய் பிடித்துக் கருத்த விரல்.
சோப்பு, சாம்பல், எலுமிச்சைத் தோல்
எதற்கும் போகாத நெடி.
நான் கூட்டைத் திறந்தாலே
ராணி பின்காலால் பலகையில் ஒரு அடி அடிக்கும்.
சுந்தரி மூலைக்குள் போய்விடும்.
பால் ஊற்ற வருகிற சுஜினிடம்கூடப் போகும்,
என்னிடம் வராது.

பிடிக்கப் போவதை விட்டேன்.
தரையில் படுத்தேன்,
வேலை முடிந்த முதுகு
வேறென்ன கேட்கப் போகிறது.
மட்டிப்பழத்தில் நகத்தளவு
உள்ளங்கையில் வைத்துக்கொண்டு
(அதற்கு மேல் தந்தால் வயிறு கெடும்)
கூரையைப் பார்த்துக் கிடந்தேன்.
பதினெட்டு நாள்.
பத்தொன்பதாம் நாள் மீசை பட்டது.
பழம் தீர்ந்த பிறகும் போகாமல்
கறை இல்லாத இடமாகப் பார்த்து
மணிக்கட்டை நக்கியது ராணி.
நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

நாகர்கோவிலில் டாக்டர் அபிஷா சொன்னார்:
"பெட்டைக்கு ஆறாயிரம் ஆகும்.
கடுவனுக்கு மூவாயிரம்.
அவனுக்குச் செய்தாலே குட்டி நிற்கும்,
செலவு பாதி."

சீட்டுப் பணத்தை எடுத்தது தெரிந்து
பக்கத்து மேசை தங்கபாய் கேட்டாள்:
"மூவாயிரத்துக்குப் பதினஞ்சு மொசலு வாங்கலாமே,
ஒனக்கென்ன வட்டா?"

எனக்குச் செய்தபோது யாரும் பணம் கேட்கவில்லை.
தக்கலை ஆஸ்பத்திரியில்
அறுநூறு ரூபாய் தந்து அனுப்பினார்கள்.
மகன் பிறந்து மூன்று நாள் ஆகியிருந்தது.
"அவருக்குச் செய்தால் இன்னும் எளிது,
அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்" என்றார் நர்சு.
டீ குடிக்க எழுந்து போனவர்
என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போன பிறகுதான் வந்தார்.

கூடையை மடியில் வைத்து பஸ் ஏறினேன்.
"கோழியா?" என்றார் கண்டக்டர்.
"ராணி" என்றேன்.
இரணியல் வளைவிலெல்லாம்
கூடையின் ஓட்டை வழியாக விரலை நீட்டியிருந்தேன்,
அது பிடித்துக்கொள்ள முடியாதென்றாலும்.

"பட்டினி போட்டுக் கொண்டு வராதீங்க" என்றிருந்தார் டாக்டர்,
முயலுக்கு வாந்தி வராதாம்.
"முடிந்ததும் தின்ன வைக்கணும்,
தின்னாவிட்டால் குடல் நின்றுபோகும்.
ஒரு மாதம் தனிக்கூடு."
அன்று இரவு
மல்லியிலையை மூக்கருகே பிடித்து உட்கார்ந்திருந்தேன்.
திருப்பிக்கொண்டது.
அகத்தி, வேண்டாம்.
மட்டிப்பழம்கூட வேண்டாம்.
இரண்டரை மணிக்கு ஒரு தண்டை
நுனியிலிருந்து இழுத்தது.
விடியும்போது கூட்டில்
ஏழெட்டுப் புழுக்கை.
ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன்,
சம்பள நாளில் எண்ணுவது மாதிரி.

பல் தேய்க்க வந்தவர்
மழித்த இடத்தையும் நாலு தையலையும்
எட்டி நின்று பார்த்தார்.
"பாவம், வலிக்குமோ?"
நான் பதில் சொல்லவில்லை.
கொஞ்ச நேரம் நின்றார்.
பிறகு தொங்கிய குலையில் ஒரு பழம் இணுங்கி
நகத்தளவு கிள்ளி
தரையில் உட்கார்ந்து கையை நீட்டினார்.

ராணி அசையவில்லை.

"பத்தொம்பது நாளாகும்" என்றேன்.