தூக்கம்: ஆம் / இல்லை

பதிவேட்டில் இந்தக் கட்டம்
என் சுண்டுவிரல் அகலம்தான்.
டிக் போட இடமுண்டு.
காரணம் எழுத இடமில்லை.

தொப்பூர்க் கணவாய் ஓரத்தில் இருந்தது பழைய இல்லம்.
பதினேழு பெண்கள், இரண்டு கழிவறை.
ஏறுகிற லாரி முனகும், இறங்குகிற லாரி சீறும்,
தகரக் கூரை நடுங்கும், டம்ளரில் தண்ணீர் நடுங்கும்.
சாக்கம்மா நடுங்க மாட்டாள்.
கட்டிலில் சம்மணமிட்டு, ஜன்னல் கம்பியில் நெற்றி வைத்து,
ஒவ்வொரு சிவப்பு விளக்கும் வளைவில் மறைந்ததும்
"போச்சு" என்பாள்.

அவளிடம் இருந்தது அந்த ஒரு சொல்தான்.
சோற்றுக்கு அதைச் செலவழிக்க மாட்டாள், வலிக்கும் செலவழிக்க மாட்டாள்.
வயது நாற்பத்தாறு என்பது
கார்டுக்காக ஒரு டாக்டர் பல்லைப் பார்த்து எழுதியது.
ஊர் என்ற இடத்தில் ஒரு கோடு.

இரண்டு மணிவாக்கில் லாரி குறையும்.
கடைசிப் போச்சு பாதியிலேயே குறட்டையாகும்.
அதற்கப்புறம்தான் நானும் காலை நீட்டுவேன்.

ஆய்வுக்கு வந்த மேடம் சொன்னது நியாயம்:
நெடுஞ்சாலை ஓரம், ஒருநாள் கேட் திறந்து கிடந்தால் யார் பொறுப்பு?
மாசியில் மாறினோம். பாலக்கோட்டைத் தாண்டி
தக்காளித் தோட்டங்களுக்கு நடுவே புதுக் கட்டடம்.
சாய்தளம், சுவர் நெடுகக் கைப்பிடி,
வழுக்காத டைல்ஸ், எட்டுக் கழிவறை.
பவுனம்மா ஒவ்வொன்றிலும் போய் உட்கார்ந்து பார்த்தாள்.
குறை சொல்ல ஒன்றுமில்லை.
நானும் சொல்லவில்லை.

சாக்கம்மா ஜன்னலுக்கு வந்தாள்.
ஜன்னலில் இருட்டு. இருட்டில் தவளை.
முதல் ராத்திரி, இல்லை.
மறுநாள், இல்லை.
பதினோரு இல்லைகளை எண்ணிப் பார்த்து
தருமபுரி பெரியாஸ்பத்திரி டாக்டர்
அரை மாத்திரை கூட்டினார்.
அவரைச் சொல்லிக் குற்றமில்லை,
அவர் கைக்குப் போனது என் டிக்குகள்தானே.
மாத்திரை வேலை செய்தது. நாக்கு தடித்தது,
தலையணையெல்லாம் எச்சில்.
கண் மூடவில்லை.
ஜன்னல் பக்கம் திரும்புவது மட்டும் நின்றது.

செல்போனில் லாரிச் சத்தம் போட்டுக் காட்டினேன்.
போனைப் பார்த்தாள்.
பிறகு என்னைப் பார்த்தாள்,
எடைக்கல்லில் ஏமாற்றுகிறவளைப் பார்ப்பதுபோல.

வாட்ச்மேன் முனிரத்தினத்திடம் ஒரு டிவிஎஸ் எக்ஸெல் உண்டு.
பின்விளக்கு எரியும், எனக்கு வேண்டியது அது.
"கேட்டிலிருந்து மோட்டார் ரூம்வரைக்கும் ஓட்டுங்க,
அணைச்சுட்டுத் தள்ளிக்கிட்டு வாங்க, மறுபடி ஓட்டுங்க."
"யாருக்குப் பைத்தி..." என்று ஆரம்பித்தவர்
அதை முடிக்காமல் பெடலை மிதித்தார்.
ஆறாவது நடையில், உள்ளேயிருந்து, தடித்த நாக்கில்:
"போ...ச்சு."

பெட்ரோல் வாரத்துக்கு எண்பது ரூபாய்.
வவுச்சரில் எந்தத் தலைப்பு என்று கேட்டார் ரூபாவதி சிஸ்டர்.
மூன்று நாள் யோசித்து
மருந்து என்று அவரே எழுதினார்.
அரை மாத்திரை இன்னும் குறையவில்லை.
கடிதம் போட்டிருக்கிறோம்.

நேற்று முனிரத்தினம் மச்சினி கல்யாணத்துக்குக் காரிமங்கலம் போய்விட்டார்.
டார்ச்சில் சிவப்பு மிட்டாய்க் காகிதம் சுற்றி
ஜன்னலுக்கு வெளியே நான் நடந்தேன்.
சத்தத்துக்கு என் வாய்: டுர்ர்ர்ர்.
நவமணி சிரித்த சிரிப்பில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.
சாக்கம்மா சிரிக்கவில்லை.
கம்பியில் நெற்றியை வைத்து
அடித்தொண்டையிலிருந்து எடுத்தாள்:
ஏற்றத்தில் முதல் கியர், பாரத்தின் முனகல்,
வளைவில் ஒரு தயக்கம், இரண்டாவது,
பிறகு ஏர் பிரேக்கின் அந்த நீளமான உஸ்ஸ்.
கணவாய் முழுக்க
இத்தனை நாள் வாயில் வைத்திருந்திருக்கிறாள்.

டார்ச்சை அணைக்கத் தோன்றாமல் நின்றேன்.
அவள் காத்திருந்தாள்.
இப்போது யார் சொல்ல வேண்டும் என்பது
எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.