கால் கணக்கு

நெவென்காவின் வேலை கால்களைப் பிரிப்பது.
அவித்த ராஜநண்டின் முட்கால்கள்
சிவந்து, ஆவி பறக்க
பெல்ட்டில் வந்துகொண்டே இருக்கும்.
முறிப்பாள், அடுக்குவாள், முறிப்பாள்.
பன்னிரண்டு வருடம்.
ஈர சிமென்ட். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ்.
அதற்குள் இரண்டு பாதங்கள்
ஊறிய ரொட்டியாய்த் தட்டையாகிக் கிடந்தன.
அவற்றைப் பற்றி யாரும் விசாரித்ததில்லை,
அவள் உட்பட.

புந்தா அரேனாஸில் செவ்வாய் மாலைகளில்
தீயணைப்பு நிலைய மாடியில் யோகா.
தலைக்கு ஆயிரம் பெசோ.
சொல்லித்தரும் ஒரியெட்டா
பகலில் பல் டாக்டரின் உதவியாள்.
"வாயைத் திறங்கள்" என்கிற அதே குரலில்
"விரல்களைத் திறங்கள்" என்றாள்,
கால்விரல்களை.

திறக்கவில்லை.
சுண்டுவிரல் பக்கத்து விரலின் முதுகில்
ஏறிப் படுத்திருந்தது.
கையால் பிரித்து வைத்தாள்.
விட்டதும் ஒட்டிக்கொண்டது.
நண்டின் காலென்றால் ஒரு நொடி.

பெருவிரல் மேடு, சுண்டுவிரல் மேடு,
குதிகாலின் உட்புறம், வெளிப்புறம்,
நான்கிலும் ஒரே அழுத்தம் வேண்டும்.
ஆக, ஒரு காலுக்கு நான்கு கால்.
நெவென்காவுக்கு முக்கால்தான் தரையில் இருந்தது.
சுண்டுவிரல் பக்கத்துக் கால்
சொல்லாமல் விடுப்பில் போயிருந்தது.

முதல் வாரம்
வலது குதிகாலை இடக் கணுக்காலில் சாய்த்து
விரல்நுனி மட்டும் தரையில்,
சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போடுகிற மாதிரி.
அதற்கே மாடி ஆடியது.
அசையாத ஒன்றைப் பாருங்கள் என்றாள் ஒரியெட்டா.
சுவரில் தீயணைப்புக்காரர்களின் பழைய குழுப்படம்.
இரண்டாம் வரிசை மீசைக்காரர்
மூன்று மூச்சுக்கு அவளைத் தாங்கினார்.

வெளியே காற்று.
வேலைக்குக் கிளம்புகிறவனாய்க் காலையில் கிளம்பும்,
வீடு திரும்பாது.
தெருமுனையில் பிடித்து நடக்கக் கயிறு கட்டுவார்கள்.
ஊருக்கு வெளியே லெங்கா மரங்கள்
ஒரே பக்கம் தலைவாரிச் சாய்ந்து நிற்கும்.
பழந்தமிழில் காற்றுக்கும் கால் என்றொரு பெயர்.
அது அவளுக்குத் தெரியாது.
தகரக் கூரைமேல் யாரோ நடப்பது மட்டும் கேட்டது.

"இப்போது மரமாக நில்லுங்கள்."
"எந்த மரம்?" என்றார் பஸ் டிரைவர் பெலார்மினோ,
"இந்த ஊர் மரமா?"
எல்லோரும் சிரித்ததில்
எல்லோரும் விழுந்தார்கள்.

ஆறாம் வாரம், பெல்ட்டின் முன்னால்,
பூட்ஸின் இருட்டுக்குள்
ஒரு விரல் தள்ளிப் படுத்தது.
உள்ளங்கால் லேசாக முதுகைத் தூக்கியது,
தூங்கி எழுந்த பூனை.
கணுக்கால் நடுங்கிக்கொண்டே இருந்தது.
நடுங்கட்டும், அதுதான் வேலை,
நடுக்கம் நின்றால் மரமில்லை, மரக்கட்டை
என்று ஒரியெட்டா சொல்லியிருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமைதான்
மேற்பார்வையாளரிடம் போய்
நிற்கிற இடத்தில் ரப்பர் பாய் வேண்டும் என்றாள்.
பட்ஜெட் என்றார்.
பார்க்கலாம் என்றார்.
சீசன் முடியட்டும் என்றார்.
நெவென்கா ஒற்றைக் காலில் நின்றாள்.
(சும்மா சொல்லவில்லை.
இடது பூட்ஸ் தரையில்,
வலது பூட்ஸ் அதன்மேல் சாய்ந்து,
பார்வை
அவர் சட்டையின் இரண்டாம் பொத்தானில்.)

பாய் வந்தது.
பதினோரு பேருக்கு மூன்று.
முறைவைத்து நிற்கிறார்கள்,
ஆளுக்குக் கால் மணி நேரம்.

இப்போது அவள் முறை இல்லை.
சிமென்ட்டில் நிற்கிறாள்.
கைகள் பாட்டுக்கு முறிக்கின்றன, அடுக்குகின்றன.
கீழே, யாரும் பார்க்காத இடத்தில்
விரல்களைத் திறந்து எண்ணுகிறாள்:
கால், அரை, முக்கால்…
சுண்டுவிரல் இன்னும் முழுதாய் வந்து சேரவில்லை.
முக்காலே மூணுவீசம்.