பார்வையாளர் ஆ

கட்டுரையில் எனக்குப் பெயர் இல்லை.
நான் பார்வையாளர் ஆ.
டோர்டிஸ், பார்வையாளர் அ.
அவளுக்கு இன்னோர் இடத்திலும் பெயர் உண்டு,
தலைப்புக்குக் கீழே, முதலாவதாக.

கிர்கெனெஸில் அந்தக் குளிர்காலம்
நவம்பர் கடைசியில் போன சூரியன்
ஜனவரி பாதியில்தான் திரும்பியது.
ஸ்கேன் அறைக்குத் திரை தேவைப்படவில்லை.
ஜெல் புட்டியைக் காபி இயந்திரத்தின் தலையில் வைத்துச்
சூடாக்கினேன்.
வழிமுறைகள் பகுதியில் அது இடம்பெறவில்லை.

அறுநூற்றுப் பன்னிரண்டு கழுத்துகள்.
மீன் தொழிற்சாலையில் நின்றுகொண்டே வயதானவர்கள்,
இரும்புச் சுரங்கத்தில் லாரி ஓட்டியவர்கள்.
ஒட்வார் என்றொரு நண்டுப் படகுக்காரர்
படுத்த உடனே குறட்டை விட்டார்.
அவர் தமனி மட்டும் விழித்திருந்தது:
திரையில் இரண்டு சாம்பல் கரைகள்,
நடுவே கருத்த ஆறு.
ஒலியைத் திறந்தால்
ஈரத் துணியை உதறுகிற சத்தம்,
நிமிடத்துக்கு ஐம்பத்தெட்டு முறை.

கரையின் தடிப்பை அளப்பது எங்கள் வேலை.
ஒன்றரை மில்லிமீட்டர் வரை அது சுவர்.
தாண்டினால் படிவு.
ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே
சுட்டியின் ஒரு சொடுக்கு.

எங்களையும் அளக்க வேண்டியிருந்தது.
பெயர் மறைத்து, தேதி மறைத்து,
மாணவன் எஸ்கில் கலைத்துக் கொடுத்த
நாற்பது படங்களைத் தனித்தனியே பார்த்தோம்.
அவள் கண்ணுக்கும் என் கண்ணுக்கும்
சராசரி வித்தியாசம் 0.04 மில்லிமீட்டர்.
மயிரிழை என்கிறோமே, அதில் பாதி.
இருபது வருடம் ஒரே வீட்டில் இருந்தும்
நானும் என் கணவரும் எதையும்
இத்தனை ஒற்றுமையாகப் பார்த்ததில்லை.

கட்டுரையின் மூன்றாம் படத்தில்
அந்த வித்தியாசங்கள் புள்ளிகளாக நிற்கின்றன,
வேலிக்குள் அடைத்த கலைமான்கள் மாதிரி
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு.
ஒரே ஒரு புள்ளி
வேலிக்கு வெளியே.

அதற்கு அவள் எழுதியது 1.42.
நான் எழுதியது 1.61.

குறியீட்டை உடைத்த அன்று
எஸ்கில் பட்டியலை மேலிருந்து கீழாக
இரண்டு தரம் தேடினான்.
அந்த எண்ணுக்கு ஆளே இல்லை.
பிறகு எனக்கு நினைவு வந்தது.
முதல் நாள். இயந்திரம் வந்த அட்டைப்பெட்டி
இன்னும் தரையில் கிடந்தது.
“என்னை வைத்தே சோதித்துப் பார்” என்று
கம்பளிச் சட்டையின் கழுத்தைக் கீழே இழுத்துவிட்டுப்
படுத்தவள் டோர்டிஸ்.

கொஞ்ச நேரம் காபி இயந்திரம் மட்டும் பேசியது.

தன்னுடையது என்று தெரியாமலே
அவள் கண் தனக்குத் தள்ளுபடி கொடுத்ததா?
“உன் கைக்கு என்மேல் ஏதாவது கோபம் இருந்திருக்கும்” என்றாள்.
சிரித்தோம்.
முதலில் நிறுத்தியது அவள்.

அந்தப் புள்ளியை நீக்கினால்
முடிவு இன்னும் தெளிவாக இருக்கும் என்று
மதிப்பீட்டாளர்களில் ஒருவர் எழுதினார்.
ஒன்பது பக்கப் பதில் கடிதத்தில்
இதற்கு மட்டும் டோர்டிஸ் செலவழித்தது இரண்டு வாக்கியம்:
எது பிழையான அளவு என்று எங்களுக்குத் தெரியவில்லை.
கழுத்து பிழையானது அல்ல.

மே மாதக் கடைசியில் கட்டுரை வெளிவந்தது.
இரவு பதினொன்றுக்கும் வெயில்.
எல்லோரும் போன பிறகு
என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.
மாத்திரை தொடங்கியாயிற்று, வெண்ணெய் நின்றாயிற்று,
மற்றபடி ஒன்றுமில்லை என்றாள்.
இம்முறை திரை போட்டேன்.

“எண் சொல்லாதே. சத்தத்தை மட்டும் திற.”

திறந்தேன்.
கை பழக்கத்தில் படத்தை நிறுத்தி
சுட்டியை மேல் கரையில் கொண்டுபோய் வைத்தது.
நான் சொடுக்கவில்லை.

“ஜெல் ஏன் இவ்வளவு குளிர்கிறது?” என்றாள்.
காபி இயந்திரம் பழுதாகி
இரண்டு வாரம் ஆகியிருந்தது.