இரண்டு நீலப் பைகள்

முதல் நாள் இரவே தொடங்கிவிட்டேன்.
டயப்பர் ஆறு. ஜன்னலைப் பார்த்தேன்,
கடல் பக்கமிருந்து மழை வருகிறது:
எட்டு.
கம்பளிக் காலுறை, சுன்னீவாவுக்கு இரண்டு ஜோடி,
பிராகேவுக்கு நான்கு.
சேற்றுக் குட்டையைச் சுற்றியும் போகலாம் என்பதை
இரண்டரை வயதில் யாரும் நம்புவதில்லை.

பிளாஸ்கில் வெந்நீர்.
அளந்த பால் பவுடர், மூன்று டப்பியில்.
பழுப்புச் சீஸ் வைத்த ரொட்டி, விளிம்பு நறுக்கியது
(விளிம்போடு கொடுத்த நாளின் அழுகை
இன்னும் மாடிப்படியில்தான் இருக்கிறது).
ஒற்றைக் காது துணிமுயல்.
முயலுக்கு ஒரு மழைச்சட்டை.
சிரிக்காதீர்கள், அது இல்லாமல்
எங்கள் வீட்டில் யாரும் செருப்பு மாட்ட முடியாது.

விடுப்பில் இது என் முதல் வாரம்.
தூருன் இரவுப்பணி முடித்து
கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறாள்.
போனில் பேசிக்கொண்டே ஒற்றைக் கையால்
அவள் கட்டிவிடும் பையை
நான் காகிதத்தில் எழுதி, டிக் அடித்து,
மூன்று முறை அவிழ்த்து
மூன்று முறை கட்டினேன்.
வாசலில் கல்லுக்குண்டாக நின்றது நீலப் பை.
அதன் பக்கத்தில் இன்னொரு நீலப் பை.

எதிர்க்கரையில் ஒரு பண்ணை.
இந்த வாரம் பிறந்த ஆட்டுக்குட்டிகள்,
யாரும் வந்து பார்க்கலாம்.
கார்களை ஏற்றிக்கொண்டு படகு நகர்ந்தது.
ஃபியோர்டின் நட்டநடுவில்,
இரண்டு கரையும் ஒரே தூரத்தில் இருந்தபோது,
சுன்னீவாவின் முகம் சிவந்தது.
கண்கள் எங்கோ நிலைகுத்தின.
குழந்தை வளர்த்தவர்களுக்குத் தெரியும் அந்தப் பார்வை.

ஜிப்பைத் தேடினேன்.
பையில் ஜிப்பே இல்லை.
கையை விட்டேன்:
அலசித் தட்டையாக்கிய பால் அட்டைகள்,
போன வார நாளிதழ்,
நான்காய் மடித்த பீட்சாப் பெட்டி,
மின்கட்டண உறை,
பன்னிரண்டு குழி முட்டை அட்டை.

செவ்வாய்க்கிழமை.
பழைய காகிதம் எடுக்க வண்டி வரும் நாள்.

காது மட்டும் சூடானது எனக்கு.
"முயல் எங்கே?" என்றான் பிராகே.

அடுத்த மேசையில் காபியோடு இருந்த லாரிக்காரர்
பீட்சாப் பெட்டியைப் பார்த்தார்,
பிறகு என்னை,
பிறகு மூக்கைச் சுளித்து, குழந்தையை.
ஒன்றும் கேட்கவில்லை. படியிறங்கிப் போனார்.
திரும்பியபோது கையில் ஒரு பருத்திச் சட்டை,
துவைத்தது, மடிப்புக் கலையாதது.
"எனக்கு மூன்று பெண்கள். லூப்ளினில்"
என்றார், போலிஷ் வாடையடிக்கும் நார்வேஜியத்தில்.
வாஃபிள் விற்கும் பெண்மணி
கேட்காமலே ஒரு சுருள் காகிதத் துண்டை
உருட்டிவிட்டாள்.
அவர் விரல்கள் சட்டையை முக்கோணமாக்கின,
பொத்தான் வெளிப்பக்கம், கைகள் இடுப்பைச் சுற்றி.
முன்னால் ஒரு முடிச்சு.
ஏழு மாதத்து என் மகள்
யாரோ பின்னாலிருந்து கட்டிக்கொண்டது போல் இருந்தாள்.

பிராகே இதெதையும் பார்க்கவில்லை.
முட்டை அட்டையின் பன்னிரண்டு குழியிலும்
வாஃபிள் பிட்டுப் பிட்டு வைத்துக்கொண்டிருந்தான்.
ஒவ்வொன்றும் ஒரு முயலுக்காம்.

ஆட்டுக்குட்டிகளையும் பார்த்தோம்.
ஒன்று நாளிதழைத் தின்றது,
விளையாட்டுப் பக்கத்தை மட்டும்.

மதியம் தூருனிடமிருந்து செய்தி:
பை இங்கே நிற்கிறது.
நீ எதை எடுத்துக்கொண்டு போனாய்?
"குப்பை" என்று தட்டினேன், அழித்தேன்.
"பிள்ளைகளை" என்று அனுப்பினேன்.
கொஞ்ச நேரம் பதிலே வரவில்லை.

இப்போதும் காகிதத்தில் எழுதித்தான் கட்டுகிறேன்.
பட்டியல் குறையவில்லை, நீண்டிருக்கிறது.
எல்லாவற்றுக்கும் அடியில் அந்தச் சட்டை,
எத்தனை துவைத்தும் லேசான மஞ்சளோடு.
படகில் ஏறியதும் கார்த்தளத்தை எட்டிப் பார்க்கிறேன்,
பக்கவாட்டில் செர்ரிப்பழம் வரைந்த
பச்சை லாரி நிற்கிறதா என்று.
பெயர் கேட்டு வைக்கவில்லை.
முட்டை அட்டையைப்
பிராகே தானே தூக்கி வருகிறான்.