முப்பத்திரண்டாம் அத்தியாயம்

வெள்ளவத்தையில் மருந்துக்கடைக்கு மேல்மாடி.
மாதத்தின் இரண்டாம் சனி, பின்னேரம் நாலரை.
ஆறு கதிரை, ஐந்து பிரதி;
லோகேந்திரன் வாசிப்பதில்லை,
மீன் ரோல்ஸ் அவன் பொறுப்பு.

இந்த மாத நாவல்
வேறொரு கதையின் வயிற்றில் பிறந்தது.
அறுபது வருடத்துக்கு முந்திய வாரத் தொடர் அது:
புறக்கோட்டைப் புடவை வியாபாரி
பூட்டிய அறைக்குள் செத்துக் கிடக்கிறார்.
முப்பத்தோராம் கிழமை
துப்பறிகிறவர் நனைந்த குடையொன்றை விரித்துப் பார்த்து
"இது யாருடையதென்று இப்போது தெரியும்" என்கிறார்.
அடியில், பொடி எழுத்தில்: தொடரும்.
அதற்குள் எழுதியவர்
நெருப்புக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார்.

இப்போது டொரண்டோவில் ஒரு பெண்
அந்தக் குடையை மடித்து மூலையில் சாத்திவிட்டாள்.
கொன்றவர் குடும்ப வைத்தியர்.
மஞ்சள் அலரி விதை, கோப்பியில் கரைத்தது.

"அவ்வளவையும் அரைச்சுப் போட்டால்
நாக்கே காட்டிக் கொடுத்திடும்,"
என்றாள் ரிஸ்மியா. கீழே கடை அவளுடையது.
"கசப்பு. ஒரு மிடறுக்கு மேல இறங்காது."

"அது கிடக்கட்டும்," என்றார் வேதநாயகம்,
"வேலைக்காரன்ர சாட்சியத்தை எந்த நீதவானும்..."

ரயில்.

கடற்கரைப் பாதையில் அது போகும்போது
பேச்சை நிறுத்துவோம்.
யன்னல் கண்ணாடி அதிரும்,
பிளேன்ரீயில் வட்டம் விரியும்.
போனதும் விட்ட சொல்லில் தொடங்குவோம்.

"...ஏற்கமாட்டார்."

துஷ்யந்திக்கு வேறு கோபம்.
"ஏன் முடிச்சவ? முடிஞ்ச பிறகு
எல்லாரும் சின்னனாப் போயிட்டினம்."

நான் காப்புறுதிக் கம்பனி, இழப்பீட்டுப் பிரிவு.
பதினெட்டு வருடமாகக் கோப்பு மூடுகிறேன்.
வைத்தியர் எனக்குச் சம்மதம்,
கையெழுத்துப் போடலாம் என்றேன்.
சிரித்தார்கள்.

பிறகு பெனடிக்ற்.
மூன்று வருடத்தில் நாலு தரம் வாய் திறந்திருப்பார்.
அப்பா அந்த அச்சகத்தில் எழுத்துக் கோத்தவராம்.
முப்பத்திரண்டில் ஒன்றரைப் பக்கம்
வைத்தியசாலையில் இருந்தே வந்திருந்ததாம்.
கோத்து முடிய மரணச் செய்தி.
ஒன்றரைப் பக்கத்தைப் போட்டு என்ன செய்வது?
பற்பசை விளம்பரம் போட்டார்கள்.
ஈயத்தைப் பிரித்தார்கள்.
கொலையாளியின் பெயரும் எழுத்தெழுத்தாய்
அறை அறையாகத் திரும்பிப் போனது.
அடுத்த கிழமை அதே எழுத்துகளில்
ஒரு கலியாணக் காட்,
ஒரு ஏல அறிவித்தல்,
மருதானையில் தொலைந்த பசுவுக்குச் சன்மானம்.

"பேர் அப்பாவுக்கு ஞாபகம் இருந்ததோ?"

"எனக்குச் சொன்னவர்."

ரிஸ்மியா கோப்பையைக் கீழே வைத்தாள்.
லோகேந்திரன்கூட மெல்லுவதை நிறுத்தினான்.
பெனடிக்ற் கடலைப் பார்த்தபடி சொன்னார்.

ரயில்.

களுத்துறைக்குப் போகிற ரயில்,
வாசலெல்லாம் ஆட்கள் தொங்குகிற ரயில்.
அவருடைய உதடு ஒருதரம் மூடித் திறந்ததைக் கண்டேன்.
பிளேன்ரீயில் வட்டங்கள்.

போனதும் காத்திருந்தோம்,
விட்ட சொல்லில் தொடங்குவார் என்று.
அவர் எதையும் விடவில்லையே, சொல்லி முடித்துவிட்டார்.
ஆறிப்போன கோப்பையை எடுத்தார்.

ஒருவரும் கேட்கவில்லை.
வேதநாயகமாவது கேட்பார் என்று பார்த்தேன்,
குறுக்கு விசாரணைதானே அவர் பிழைப்பு.
அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்,
துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

அடுத்த மாதத்துக்குப் புத்தகம் தெரிந்தோம்.
ரோல்ஸ் காசு பிரித்தோம்.
படியிறங்கும்போது ரிஸ்மியா மெதுவாக,
"ப-வில தொடங்கிற பேர், என்ன?"
"எனக்கு ம எண்டுதான் பட்டது,"
என்றாள் துஷ்யந்தி.

காலி வீதியில் மழை.
ஆட்டோக்காரன் அறுநூறு கேட்டான்.
அப்போதுதான் தெரிந்தது,
குடையை மேலே விட்டுவிட்டேன்.
போனால் பெனடிக்ற் தனியே
கதிரை அடுக்கிக்கொண்டிருப்பார்.

பேரம் பேசாமல்
நனைந்தபடி ஏறிக்கொண்டேன்.