கேட் போட்டாச்சு

ஆசிரியர் அறை ஒழுகுகிறது என்று
இயற்பியல் ஆய்வகத்தில் கூடினோம்.
முக்காலிகள் ஆடின.
மணலிப் பக்கக் காற்று ஜன்னல் வழியே வந்தது,
அழுகிய முட்டை வாடையோடு.
யாரும் மூக்கைப் பொத்தவில்லை.

பேச வேண்டியது ஒன்றுதான்:
மதியத்துக்கு மேல் பிள்ளைகளை
வகுப்பில் எப்படி வைத்திருப்பது.
"உடம்பை இல்லை" என்று திருத்தினார்
வணிகவியல் தேவசகாயம்.
உடம்பு வருகைப் பதிவேட்டில் இருக்கிறது.

பொருளியல் ஹபீபுன்னிசா முதலில் எழுந்தார்.
விலை என்பது என்ன என்று
நாற்பது நிமிடம் நடத்தினாராம்,
வந்தது கொட்டாவி.
மறுநாள் எஸ்தர் ராணியை முன்னால் அழைத்து
"காசிமேட்டில் உங்கம்மா விடுவாங்களே ஏலம்,
அதை விடு" என்றிருக்கிறார்.
மீன் இல்லை. கூடை இல்லை.
மேடத்தின் குடையை மேசையில் கிடத்தி
வஞ்சிரம் என்று கூவத் தொடங்கிவிட்டாள்.
அடுத்த வகுப்பும் வாசலில் நின்று விலை கேட்டது.
"எந்த அலகில் வருது இது?" என்றார்
கூட்டக் குறிப்பு எழுதிய கருணாகரன்.
"ரெண்டாவது, சார். தேவையும் அளிப்பும்.
குடை மட்டும் திரும்பி வரலை."

தமிழ்த்துறை அஞ்சுகம்
திசைச்சொல்லுக்கு நூற்பா சொல்லவில்லையாம்.
பேஜார், நாஸ்தா, டபாய்ப்பது, உட்டாலக்கடி,
எது எந்தத் திசையிலிருந்து வந்தது,
வீட்டில் கேட்டு வா என்று அனுப்பியிருக்கிறார்.
"நாஸ்தா உருதா மேடம், நம்மளுதா?"
"பசிச்சா நம்மளுது."

என் முறை.
வினாடி வினா நடத்தலாம் என்று
எழுதி வைத்திருந்த தாளைச் சட்டைப்பையில் மடித்துக்கொண்டேன்.
புள்ளியியல் நடத்துகிறேன், பதினாறு வருஷமாக.
சதானந்தத்தைப் பற்றிச் சொன்னேன்.

அவன் தினமும் தாமதம்.
தினமும் ஒரே பதில்: "கொருக்குப்பேட்டைல கேட் போட்டாச்சு சார்."
ஒருநாள் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன்,
உனக்கென்று தனியாகப் போடுகிறார்களா என்று.
சிரித்தார்கள். நானும்தான்.

இரண்டு வாரம் கழித்து
மளிகைக் கடைச் சிட்டை ஒன்றை நீட்டினான்.
பதினொரு நாள். போட்ட நேரம், திறந்த நேரம்,
கழித்து வந்த நிமிடம்:
நாலு, அஞ்சு, மூணு, முப்பத்தொண்ணு,
ஆறு, இருபத்தேழு, ரெண்டு, இருபத்தொன்பது,
அஞ்சு, முப்பத்திமூணு, ஒன்பது.
"சராசரி பதினாலு நிமிசம் வருது சார்.
ஆனா பதினாலு நிமிசம்
நான் ஒரு நாள்கூட நிக்கல.
அப்ப அந்தப் பதினாலு யாரு சார் நின்னது?"

அதற்குப் பதில் எனக்குத் தெரியும்.
வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதுகிற பதில்:
திட்ட விலக்கம், வர்க்கமூலத்துக்குள்.
கேள்வியைத்தான் அதுவரை
யாரும் கேட்டதில்லை, நான் உட்பட.

முப்பத்திமூன்றின் ஓரத்தில்
பென்சிலில் ஒரே ஒரு சொல்: ஆம்புலன்ஸ்.
அதை எந்தக் கட்டத்தில் போடுவது என்றான்.
கடைசி பெஞ்சும் கவனித்தது.
தெரியாது என்று சொன்னேன்.

ஆய்வகத்தில் குழாய் சொட்டியது.
"நல்லது. இந்த முறைக்கு என்ன பேரு போடலாம்?"
பேனாவைத் திறந்தபடி காத்திருந்தார் கருணாகரன்.
யாரும் சொல்லாததால்
செயல்வழிக் கற்றல் என்று அவரே எழுதினார்.
சமோசா வந்தது. தேவசகாயம் இரண்டு எடுத்துக்கொண்டார்.

ஐந்தே காலுக்கு கொருக்குப்பேட்டை.
கேட் போட்டிருந்தார்கள்.
வண்டியை அணைத்துவிட்டு
சரக்கு ரயில் பெட்டிகளை எண்ணத் தொடங்கினேன்.
தூறல்.
முப்பத்தெட்டு வரை சரியாக வந்தது.
அப்போதுதான் பார்த்தேன்,
பக்கத்து ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி
தலைமேல் கோப்பைப் பிடித்துக்கொண்டு
ஹபீபுன்னிசா நிற்பதை.
"எவ்வளவு நேரமா சார்?" என்று கத்தினார்.
எண்ணிக்கை தப்பிவிட்டது.