மஞ்சள் நின்றால் நல்லது

வாகடூகுவில் ஏப்ரல்.
நேற்றிரவு மூன்று முறை மின்சாரம் போனது.
ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றிவிட்டு
இன்குபேட்டர் ஓரமாகவே பாய் விரித்தேன்.
வெளியே நாற்பத்திரண்டு டிகிரி.
உள்ளே இருப்பவளுக்கு முப்பத்தேழுக்கு மேல் ஆகாது.

அவள் என்றா சொன்னேன்?
ஏதோ ஒரு குளிர்நாட்டில், நான் பிறக்குமுன்,
மார்பில் வந்த நோயால் மாண்டுபோனவள்.
பெயர் கேட்டு யாரும் எழுதி அனுப்பவில்லை.
அவள் போய்விட்டாள், கட்டி போகவில்லை.
உறைபனியில் விமானமேறி இந்தப் புழுதிக்கு வந்து
கன்றின் சீரம் குடித்துப் பெருகுகிறது.
இரண்டு நாளுக்கொருமுறை ஊட்டுகிறேன்,
கொல்வதற்கென்றே.

இலை, ஜெனாபோ கொண்டுவந்தது.
விலின்விகா. சாம்பல் பூத்த சின்ன இலை.
பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க என்று
சந்தையில் கைப்பிடி கைப்பிடியாக விற்பாள்.
நாங்கள் ஒரு சாக்கை உலர்த்தி, இடித்து,
எத்தனாலில் ஊறவைத்து, வடித்து, வற்றவைத்தோம்.
மிஞ்சியது
நகக்கண் அழுக்களவு கறுப்புப் பிசின்.

மருந்துக்கு மூன்று நாள் என்பார்கள்.
எங்களுக்கு எழுபத்திரண்டு மணி நேரம்,
ஒரு தட்டில் தொண்ணூற்றாறு குழி,
பிறகு சாயம்.
உயிருள்ளது ஊதாவாக மாறும்.
செத்தது மஞ்சளாகவே நிற்கும்.

நான்காம் வரிசை முழுக்க மஞ்சள்.
ஆஸெத்தா கத்திய கத்தலில்
பக்கத்து அறை மலேரியாக்காரர்கள் ஓடிவந்தார்கள்.
எனக்கு முத்தம்கூடக் கொடுத்தாள், முகமூடியோடு.

அப்புறம்தான் இரண்டாம் தட்டை எடுத்தோம்.
நோயில்லாத தோல் செல்கள்.
அதிலும் நான்காம் வரிசை
மஞ்சள்.

அவள் உட்கார்ந்தாள்.
தரை துடைக்கும் பிளீச்சும் இதைச் செய்யும், என்றாள்.

சாக்குக்குக் காசு வாங்க ஜெனாபோ வந்தாள்,
இருபத்திரண்டு வயது, முதுகில் தூங்கும் குழந்தை.
"உள்ளே வைத்திருக்கிறீர்களே, அந்தப் பெண்ணுக்குக் குணமா?"
"உன் இலை நல்லதையும் சேர்த்துக் கொன்றுவிட்டது."
"எதில் ஊறவைத்தீர்கள்?"
சொன்னோம்.
நோட்டை எண்ணுவதை நிறுத்தாமலே சொன்னாள்:
"சாராயத்தில் போட்டால் எதுதான் சாகாது?
நான் தண்ணீரில் கொதிக்கவிடுவேன், பாதியாகும்வரை."

எத்தனால் எல்லாம் ஆவியாகிவிடும்,
இலையிலிருந்து அது இழுத்தெடுத்ததுதான் மீதி என்று விளக்க
ஆஸெத்தா வாய் திறந்தாள்.
மூடினாள்.
நோட்டுப்புத்தகத்தில் 'தண்ணீர்' என்று எழுதி
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

அடுத்த சாக்குக்கு ஐந்நூறு ஃபிராங்க் கூடுதலாம்.
கெண்டி கடன் கேட்கப் போகிறேன்.
டீசல் கேனில் கால்வாசிதான்.